சத்த வாரம்

சாயங்காலம் ஆறரைக்கு வெல்டர் வீட்டுக்குள் வந்தான். வாசலிலேயே செருப்பைத் தட்டித் தட்டி உதறினான், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டான், நேராகப் போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அடுப்பு முன்னால் நின்றிருந்த அவன் மனைவி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். டிவியில் ஓடியது செய்தி. அவன் செய்தி கேட்கிற ஆளே இல்லை. டிவி சத்தம் கூடினால் அடி உண்டு, கூடாவிட்டால் பிழைத்தாள். கல்யாணமாகி இந்த ஒன்பது வருஷத்தில் அவள் படித்த படிப்பு அவ்வளவுதான்.

"எறும்பு, செவுத்துப் பக்கம் திரும்பி கண்ண மூடிக்கோ," என்றாள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. எப்போது பார்த்தாலும் எங்கேயோ அவசர ஜோலி இருப்பதுபோல ஓடிக்கொண்டே இருப்பதால் எறும்பு என்று பெயர் வைத்தது அப்பன்தான். வீட்டில் அந்தப் பெயர்தான். பிள்ளை நோட்டை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை.

காரணம் என்ன என்று கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். பட்டறையில் யார் வீட்டு இரும்புக் கேட்டிலோ கீல் விட்டுப்போய் முதலாளி நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசியிருப்பார். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் மண்ணைக் கொட்டியதுபோல எரிந்திருக்கும். அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். அவன் பெல்ட்டை உருவி, பக்கிள் பக்கத்தைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். முதல் அடி முதுகில். அடுத்தது தொடையில். பிறகு தோள்பட்டைக்குக் கீழே. முகத்தில் மட்டும் இதுவரை ஒரு நாளும் அடித்ததில்லை. இரும்பில் எங்கே பற்றவைத்தால் வெளியே தெரியாது என்று தெரிந்த கை அது. அவள் துண்டின் நுனியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். வலியில் வருகிற குரல் தொண்டைக்கும் துண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு 'ம்ம்ம்' என்று மட்டும் வந்தது. சத்தம் வெளியே போனால் கொன்றுவிடுவேன் என்று முதல் வருஷமே சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவன் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

பதினொன்று. எண்ணுவாள். எண்ணிக்கொண்டிருந்தால் எப்படியும் ஒரு முடிவு வரும் என்று ஒரு தைரியம்.

முடிந்ததும் அவன் டிவியைக் குறைத்தான். மூச்சு வாங்கியது. "எறும்பு, அப்பாவுக்குத் தண்ணி," என்றான், பூனைக்குட்டியைக் கூப்பிடுகிற குரலில். பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டு ஓடி வந்தது. பிள்ளைமேல் அவன் விரல் பட்டதில்லை. காய்ச்சல் என்றால் பட்டறைக்குக்கூடப் போகமாட்டான். அந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷத்தை ஓட்டினாள். நம்மோடு போகட்டும், பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அது கண்ணை மூடிக்கொண்டுதானே இருக்கிறது.

சாப்பிடும்போது பிள்ளை சொன்னது, "அம்மா, இந்த வாரம் எங்க கிளாஸ்ல சத்த வாரம். வீட்ல கண்ண மூடிக்கிட்டு உக்காந்து என்னென்ன சத்தம் கேக்குதுன்னு கேக்கணும். அப்புறம் அதே மாதிரி செஞ்சு காட்டணும்."

"கேட்டியா?"

"கேட்டேன். இன்னும் கொஞ்சம் சரியா வரணும்."

"நல்லா செய்," என்றாள். தோளைத் தூக்க முடியாமல் இடக்கையால் சாப்பாட்டை அள்ளிப் போட்டாள். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மூன்றாம் மாடிக்குக் கலவை தூக்கினாள். கட்டட வேலையில் சித்தாளுக்கு முதுகு வலிக்கிறது என்றால் அது செய்தியே இல்லை. தலையில் சும்மாட்டை வைத்து, அதன்மேல் சட்டியை ஏற்றி, ஒரு கை பிடித்துக்கொண்டு படியேற வேண்டும். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. அன்றைக்கு வலக்கை மேலே போக மறுத்தது. கழுத்தை விறைத்துக்கொண்டு கை பிடிக்காமலே ஏறினாள்.

கீழே சட்டி நிரப்பிக் கொடுக்கிற அக்கா அதைப் பார்த்துவிட்டாள். "என்னடி, ராணி மாதிரி கிரீடத்தப் புடிக்காமலே நடக்குற. கட்டில்ல இருந்து விழுந்துட்டியா?"

"எங்க வீட்ல கட்டில் ஏதுக்கா."

"அப்ப தரையில இருந்து விழுந்திருப்ப. எனக்கும் முன்னாடி அடிக்கடி விழுவுற வியாதி இருந்துச்சு. அந்தாளு போய்ச் சேந்த அன்னிக்கி வியாதியும் போயிடுச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது விலா குத்தியது. அக்கா அடுத்த சட்டியில் ஒரு கரண்டி குறைத்துப் போட்டாள். அதற்குமேல் யாரும் எதுவும் செய்வதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று. அதற்கு முந்தைய வாரம் விதை வாரம். பிள்ளைகள் காகிதக் கப்பில் பஞ்சு வைத்துப் பயறு முளைக்கப் போட்டார்கள். அதற்கும் முந்தைய வாரம் அளவு வாரம். எறும்பு வீட்டையே சாணால் அளந்து, அப்பன் ஒன்பது சாண், அம்மா எட்டுச் சாண் என்று எழுதிக்கொண்டு போனது. வாரக் கடைசியில் மிஸ் ஒரு தாளில் நடந்ததையெல்லாம் அச்சடித்துக் கொடுத்து அனுப்புவார். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆகையால் பிள்ளையே படித்துக் காட்டும். இந்த வாரத் தாளில், சனிக்கிழமை பத்து மணிக்குப் பெற்றோர் இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும், பிள்ளைகள் செய்ததை நேரில் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"என் சத்தத்த மட்டும் யாராலயும் கண்டுபிடிக்க முடியலம்மா," என்றது பிள்ளை. பெருமை தாங்கவில்லை அதற்கு. "குக்கர் சத்தம், மிக்சி சத்தம் எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டாங்க. என்னுத மிஸ்ஸே தோத்துட்டாங்க. அதனால என்னையக் கடைசில விடுறாங்க."

"அப்படி என்ன சத்தம்டி?"

"சொல்ல மாட்டேன். நீ வந்து கேளு. உனக்கு உடனே தெரிஞ்சிரும்."

வெல்டர் பிள்ளையைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, "அப்பனுக்குத் தெரியாதா?" என்றான். "உனக்கும் தெரியும்," என்றது பிள்ளை.

சனிக்கிழமை அவன் பட்டறைக்கு அரைநாள் லீவு சொன்னான். பொறி தெறித்து ஓட்டை விழாத ஒரே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டான். அவள் கை நீளமான ஜாக்கெட்டாகப் பார்த்து எடுத்தாள். மூன்று பேரும் நடந்தே போனார்கள். வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம், "எம்பொண்ணுதான் கடைசி ஐட்டமாம்," என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.

வகுப்பறையில் எல்லாம் சின்னது. பெரியவர்கள் முழங்கால் மூக்கில் இடிக்க அந்தக் குட்டிப் பெஞ்சுகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் வரிசையாக முளைவிட்ட பயறுக் கப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர். சுவரில் சாண் கணக்குகள். முன்னால் மூலைக்கு மூலை கயிறு கட்டி ஒரு கறுப்புத் திரை. மிஸ் சின்ன வயசுக்காரி. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. விளையாட்டின் விதியைச் சொன்னார். பிள்ளை திரைக்குப் பின்னால் போய் வீட்டில் கேட்ட சத்தத்தைச் செய்யும். பெற்றோர் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் உள்ளே இருந்தே பிள்ளை 'சரி' என்று கத்தும், வகுப்பே சேர்ந்து மூன்று தட்டுத் தட்டும். சரியான பதில் வரும்வரை பிள்ளை வெளியே வராது.

தையற்காரியின் பையன் பல்லுக்கு நடுவில் காற்றை ஓட்டித் தையல் மெஷினைக் கொண்டுவந்தான். நூல் அறுந்து அம்மா திட்டுகிற வரைக்கும். பஸ் டிரைவரின் மகள் பிரேக் போட்டதில் முன் பெஞ்சுக்காரர் நிஜமாகவே காலை இழுத்துக்கொண்டார். ஒருத்தி தன் மாமாவின் குறட்டையைச் செய்தாள். மாமா அங்கேயே உட்கார்ந்திருந்தார். "நான் தூங்கும்போது யாரு வந்து பாத்தது? வேற ஆளா இருக்கும்," என்று அவர் சொல்ல, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வெல்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவளும் சிரித்தாள். நல்ல காலை நேரம், ஜன்னல் வழியாக வெயில், பக்கத்தில் தேய்த்த சட்டையோடு அவன். எல்லா வீடும் இப்படித்தான், நம் வீடும் அதில் ஒன்று என்று ஒரு நிமிஷம் இருந்தது அவளுக்கு.

"கடைசியா நம்ம எறும்பு," என்றார் மிஸ். "நாலு நாளா நான் தோத்துக்கிட்டே இருக்கேன். நீங்களாவது என் மானத்தக் காப்பாத்துங்க."

பிள்ளை அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனது.

முதலில் தரையில் இரண்டு தட்டு. செருப்பு. பிறகு நாக்கை மேலண்ணத்தில் அடித்து ஒரு 'டக்'. தாழ்ப்பாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. காலுக்குக் கீழே தரை இல்லாததுபோல இருந்தது. மூன்றாம் மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத படியில் ஒரு தடவை கால் வழுக்கியபோது இருந்தது இப்படித்தான்.

திரைக்குப் பின்னால் ஒரு செய்தி வாசிப்பாளர் மெல்லப் பேச ஆரம்பித்து, குரல் ஏறி ஏறி, கடைசியில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"டிவி," என்றார் மாமா.

"டிவி இருக்கு. ஆனா அது இல்ல," என்றது பிள்ளையின் குரல்.

பிறகு பக்கிளின் சின்னக் கிணுங்கல். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியைக்கூடப் பிள்ளை சரியாகப் பிடித்து வைத்திருந்தது. பிறகு, 'சுளீர்'.

"துணி துவைக்கிறது," என்றார் பஸ் டிரைவர்.

"இல்ல."

சுளீர்.

"மெத்தையப் போட்டுத் தூசி தட்டுறாங்க."

"இல்ல."

சுளீர். அதன் பின்னாலேயே, வாயை மூடிக்கொண்டு, தொண்டையிலிருந்து, 'ம்ம்ம்'.

"மாடு," என்றது பின் பெஞ்சிலிருந்து ஓர் ஆள் குரல். "வயித்து வலியில கெடக்குற மாடு."

மறுபடியும் சிரிப்பு. அவள் காதுக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது. தன் குரல் வெளியே இருந்து கேட்டால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

வெல்டரின் முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துவிட்டதுபோல. பெஞ்சுக்கு அடியில் அவன் கை வந்து அவளுடைய சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. பிடித்துப் பின்பக்கமாக மெல்ல வளைத்தது. "வாயத் தொறந்த, பாத்துக்கோ," என்றான் உதடு அசையாமல். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "துணி துவைக்கிறதுதான் மிஸ். எங்க வீட்டு சத்தம் எனக்குத் தெரியாதா. எறும்பு, போதும் வெளிய வா," என்றான்.

"இல்லப்பா," என்றது பிள்ளை. "நீ தப்பா சொல்ற. அம்மாவக் கேளுங்க மிஸ். அம்மாவுக்குத் தெரியும்."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. மிஸ் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்கம்மா," என்றார். தையற்காரி மட்டும் திரும்பவில்லை. அவள் மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தவர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். சிரிப்பு அங்கங்கே நின்றுவிட்டிருந்தது.

துணி என்று அவளும் சொல்லலாம். பிள்ளை இல்லை என்று சொல்லும். மெத்தை என்று சொல்லலாம். இல்லை என்று சொல்லும். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவள் சும்மா இருந்தால் அம்மாவுக்கு மறந்துவிட்டது என்று நினைத்து, உதவி செய்வதற்காக மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆரம்பித்தும் விட்டது. இரண்டு தட்டு. டக். கிணுங்கல். சுளீர். அவள் பழக்கத்தில் எண்ணினாள். ஒன்று. இரண்டு. அவன் விரலை வளைத்துக்கொண்டே இருந்தான். இன்றைக்கு வீட்டுக்குப் போனால் பதினொன்றோடு நிற்காது. தெரியும். போவதற்கு வேறு வீடும் கிடையாது. அதுவும் தெரியும். நான்கு. ஐந்து.

ஐந்தாவதுக்கு வந்த 'ம்ம்ம்' முன்னால் வந்தது மாதிரி இல்லை. அது செய்து காட்டுகிற குரல் இல்லை. நுனியில் நடுங்கியது. ஏழு வயசுப் பிள்ளைக்கு வாயை மூடிக்கொண்டு வலியை முழுங்கத் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக் கொடுத்தது?

"அது நான் அடி வாங்குற சத்தம் மிஸ்," என்றாள். குரல் தகரத்தை இழுத்ததுபோல வந்தது. "எங்க வீட்டுக்காரர் என்னை பெல்ட்டால அடிக்கிற சத்தம்."

"சரி," என்றது திரைக்குப் பின்னாலிருந்து பிள்ளை, சந்தோஷத்தில் கிறீச்சிட்டு.

முப்பது பிள்ளைகளும் பழக்கிய பழக்கத்தில் மூன்று தட்டுத் தட்டின. அந்த மூன்றாவது தட்டோடு அவள் விரல் ஒடிந்தது. சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

அவன் எழுந்து அவள் முகத்தில் அறைந்தான். முதல் முறையாக முகத்தில். மூக்கிலிருந்து வெதுவெதுப்பாக இறங்கியது. இரண்டாவது அறைக்கு அவன் கை ஓங்கியபோது அவள் துண்டைத் தேடவில்லை. வாயை அகலத் திறந்து கத்தினாள். ஒன்பது வருஷம் உள்ளே கிடந்தது மொத்தமாக வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கத்திக்கொண்டே தலையைக் குனிந்து அவன் நெஞ்சில் முட்டினாள். ஒவ்வொரு நாளும் முப்பது கிலோவை மூன்று மாடிக்கு ஏற்றுகிற கழுத்து. அவன் பெஞ்சைத் தட்டிக்கொண்டு ஜன்னல்மேல் போய் விழுந்தான். பயறுக் கப்புகள் சரிந்து அவன் தலையில் கொட்டின. எழுந்தவன் கை, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல், தானாகவே இடுப்புக்குப் போய் பெல்ட்டை உருவியது. அதைத்தான் வகுப்பறை முழுதும் பார்த்தது. செய்தி வாசிப்பு இல்லாமல், தாழ்ப்பாள் இல்லாமல், பட்டப்பகலில்.

பஸ் டிரைவர் குறுக்கே விழுந்தார். வீசிய பெல்ட்டின் பக்கிள் அவர் புருவத்தைக் கிழித்தது. "யோவ், பிள்ளைங்க இருக்குய்யா," என்று சொல்லிக்கொண்டே அவர் அவன் கழுத்தை அக்குளில் இறுக்கினார். மாமா அவன் கையைப் பிடித்து முறுக்கினார். அவன் கடித்தான், உதைத்தான். "எம் பொண்டாட்டிடா, எவன்டா நீ," என்றான். பெஞ்சுகள் கவிழ்ந்தன. பிள்ளைகள் அலறிக்கொண்டு சுவரோரம் குவிந்தன. மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றார். இரண்டு பேரும் அவனை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அவனுடைய ஒரு செருப்பு கதவருகே கிடந்தது.

அவள் கவிழ்ந்த பெஞ்சுகளைத் தாண்டிப் போய்த் திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

எறும்பு ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தது. யூனிபார்ம் பெல்ட் இரண்டாக மடித்து வலக்கையில். பாவாடையை இடுப்புவரை சுருட்டி விட்டிருந்தது. இடத் தொடையில் பெல்ட்டின் அகலத்துக்குச் சிவப்புச் சிவப்பாகத் தடித்த கோடுகள், ஒன்றன்மேல் ஒன்று. அவற்றுக்குக் கீழே நீலத்தில் சில. அதற்கும் கீழே மஞ்சளாகி மங்கிப்போனவை. போன வருஷத்திலிருந்து தானே குளித்துக்கொள்கிற பிள்ளை.

"சத்தம் சரியா வந்துச்சாம்மா?" என்றது. கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது. முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. "பெஞ்சுல அடிச்சா வேற மாதிரி வருது. கால்ல அடிச்சாத்தான் நம்ம வீட்டு மாதிரி வருது."

அவள் முக்காலி முன்னால் மண்டியிட்டாள். பிள்ளை அம்மாவின் மூக்கைப் பார்த்தது. பாவாடையை இறக்கிவிடப் போன அதன் கையை அவள் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்," என்றாள். "இறக்காத."

வெளியே முற்றத்திலிருந்து அவன் குரல் கேட்டது. மூச்சு இரைக்க, ஆனால் பூனைக்குட்டியைக் கூப்பிடுகிற அதே குரல். "எறும்பு, அப்பாகிட்ட வா. வீட்டுக்குப் போலாம்."

பிள்ளை அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு அம்மாவைப் பார்த்தது. அவள் விரல் ஒடியாத கையால் திரையின் ஓரத்தைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். கயிறு ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கறுப்புத் துணி மொத்தமும் தரையில் சரிந்தது. சுவரோரம் நின்ற பிள்ளைகள், தையற்காரி, மிஸ் எல்லோருக்கும் முன்னால், வெயில் நேராக வந்து அந்தச் சின்னத் தொடையின்மேல் விழுந்தது. பிள்ளை கூசிய கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, எதிரே நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது.